மருந்துவாழ் மலையும் மணக்குடிப் பொழியும்

நான்கு பேரும் ஒன்றாக எங்காவது போய்வர வேண்டும் என்ற பேச்சு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஏழெட்டு ஆண்டுகளாக ஓய்ந்ததே இல்லை. கொடைக்கானல் என்று ஒருவன் தொடங்குவான். பொங்கல் விடுமுறையில் அங்கே அறை வாடகை எவ்வளவு என்று இன்னொருவன் ஒரு படத்தைப் போடுவான். அத்துடன் பேச்சு அடுத்த தீபாவளி வரைக்கும் உறங்கிவிடும். இந்தப் பொங்கலுக்கு முன்பு சுசீந்திரத்துக்காரன் குறுக்கே விழுந்து முடிவு சொன்னான். "மலையும் வேணும் கடலும் வேணும்னா எங்க ஊருக்கு வாங்க மக்கா. ரெண்டுக்கும் நடுவுல அஞ்சாறு கிலோமீட்டர்தான்." பாளையங்கோட்டையில் கல்லூரியில் படித்த மூன்று ஆண்டுகளும் அவன் தன் ஊரைப் பற்றி மிகைப்படுத்தியே பேசிப் பழகியவன் என்பதால், இதையும் பாதியாகக் குறைத்துத்தான் நாங்கள் எடுத்துக்கொண்டோம். இந்த ஒரு முறை அவன் சொன்னது சரியாகவே இருந்தது.

முதல் நாள் மருந்துவாழ் மலை, மறுநாள் கன்னியாகுமரியிலிருந்து மேற்கே கரையோரமாகச் சங்குத்துறை வரை நடை என்பது திட்டம். இந்த வரிசையை வற்புறுத்தியவன் நான். மலையுச்சியில் நின்று மறுநாள் நடக்கவேண்டிய கரை முழுவதையும் ஒருமுறை பார்த்துவிட்டால் வழி மனத்தில் பதிந்துவிடும், கைப்பேசி வரைபடத்தைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். எண்ணம் நன்றாகத்தான் இருந்தது. மேலிருந்து பார்த்த கரை வேறு, கீழே நடந்த கரை வேறு என்பது மறுநாள் பத்து மணிக்குள் தெரிந்துபோயிற்று.

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகும் சாலையில் பொற்றையடி என்று ஓர் ஊர் இருக்கிறது. பொற்றை என்றால் சிறு மலை. அதன் அடிவாரத்தில் இருப்பதால் பொற்றையடி. காணும் பொங்கல் கூட்டம் வடிந்த மறுநாள் காலை ஐந்து மணிக்கு அங்கே இறங்கினோம். மலையைப் பற்றிய கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான்: அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு போகையில் உடைந்து விழுந்த ஒரு துண்டு இது, அதனால்தான் இங்கே மருந்து வாழ்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடிகிற இடத்தில், தொடரிலிருந்து விலகி வயல்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் நடுவே தனியாக எழும்பி நிற்கும் அந்த உருவத்தைச் சாலையிலிருந்து பார்க்கிற எவருக்கும், இது எங்கிருந்தோ கொண்டுவந்து போட்டதுதான் என்று தோன்றும். கதை கட்டியவர்களைக் குறை சொல்ல முடியாது.

தொடக்கத்தில் படிகள் இருக்கின்றன. படியோரம் சிறு சிறு கோயில்களும், துறவிகள் தங்கும் இடங்களும், குடிநீர்க் குழாயும் உண்டு. இருட்டில் கைவிளக்கு வெளிச்சத்தில் நாங்கள் பேசிக்கொண்டே ஏறினோம். கால் மணி நேரத்தில் பேச்சு நின்றுபோய் மூச்சு மட்டும் கேட்டது. படிகள் முடிந்தபின் பாறைதான் வழி, அம்புக்குறிகள்தான் துணை. சில இடங்களில் கையையும் ஊன்றித்தான் ஏற வேண்டும். எங்களில் வங்கி வேலைக்காரன் இந்தப் பயணத்துக்கென்றே புதிதாக வாங்கிய விலையுயர்ந்த காலணியோடு வந்திருந்தான். பனியில் நனைந்த பாறையில் அது வழுக்கியதைப் பார்த்துக்கொண்டே, எதிரே வெறுங்காலுடன் இறங்கி வந்த பெரியவர் ஒருவர், "செருப்பக் கழத்திக் கையில புடிங்க தம்பி, பாறைக்குக் காலுதான் தோது" என்று சொல்லிவிட்டு, நிற்காமல் போய்விட்டார். அவருக்கு எழுபது வயதுக்குக் குறையாது. காலணியைக் கழற்ற நண்பனுக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. அதற்கான விலையை மறுநாள் கொடுத்தான்.

தின்பதற்கு நாங்கள் கொண்டுபோனவை மட்டிப்பழமும் அவித்த பனங்கிழங்கும். தை மாதத்தில் தென்மாவட்டங்களில் பனங்கிழங்கு இல்லாத வீடு குறைவு. சுசீந்திரத்துக்காரனின் அம்மா மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, பழைய துணியில் சுற்றிக் கொடுத்திருந்தார். முக்கால் மலையில் ஓர் அகலமான பாறை கிடைத்ததும் உட்கார்ந்து பையைத் திறந்தோம். குரங்குகள் எங்கிருந்து வந்தன என்று தெரியவில்லை. திறந்த கையோடு பழச் சீப்பு போய்விட்டது. ஒரு குட்டி மட்டும் கிழங்கு ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்து, கடித்து, நாரைத் துப்பிவிட்டுப் பாறையிலேயே வைத்துவிட்டுப் போயிற்று. கிழங்கைக் குறுக்கே ஒடித்து, ஓரத்து நாரை இழை இழையாக உரித்து, நடுவிலிருக்கும் குருத்தைத் தனியே எடுத்துவைத்துக் கடைசியில் தின்பதற்கு ஒரு பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை குரங்குக்கு இல்லாததால் எங்களுக்குக் காலை உணவு மிஞ்சியது. கோயம்புத்தூர்க்காரனுக்கும் அந்தப் பொறுமை இல்லை என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். நாரோடு மென்று விழுங்கிவிட்டு, ருசி இல்லை என்றான்.

உச்சியை அடைந்தபோது சூரியன் கடலிலிருந்து ஒரு முழம் மேலே வந்துவிட்டது. தை மாதத்தில் அங்கே ஆறே முக்காலுக்குச் சற்று முன்பே உதித்துவிடுகிறது. பனங்கிழங்கு தின்றதில் உதயத்தைத் தவறவிட்டோம். ஆனால் அதன் பிறகு ஒரு மணி நேரம் நாங்கள் உட்கார்ந்து பார்த்த காட்சிக்கு உதயம் ஒரு பொருட்டில்லை. வடக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயும் முப்பந்தலின் காற்றாலைகளும். ஆனி, ஆடியில் ஓயாமல் சுழலும் இறக்கைகள் தையில் பாதிக்கு மேல் அசையாமல் நின்றன. மேற்கே கும்பப்பூப் பருவத்து நெல் கதிர் முற்றி, பச்சையும் மஞ்சளுமாகக் கலந்து கிடந்த வயல்கள். அவற்றுக்கு நடுவே சுசீந்திரத்துக் குளமும் தேரூர்க் குளமும் கண்ணாடித் துண்டுகளாக மின்னின. அந்த இரண்டு குளங்களும் சேர்ந்த ஈரநிலம் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது என்பதைத் தன் சொந்தச் சாதனைபோல் சுசீந்திரத்துக்காரன் சொன்னான். தென்கிழக்கே, கடலுக்குள், விவேகானந்தர் பாறையும் அதன் பக்கத்தில் 133 அடி வள்ளுவரும் இரண்டு வெண்புள்ளிகள். அத்தனை பெரிய சிலையைச் சுண்டுவிரல் நகத்தால் மறைக்க முடிந்தது.

தெற்கேதான் எங்கள் வேலை. கன்னியாகுமரியிலிருந்து மேற்கே, தென்னைகளின் கரும்பச்சைக்கும் கடலின் நீலத்துக்கும் இடையில், வெள்ளை மணல் ஒரே கோடாக நீண்டு போயிற்று. பழையாறு கடலில் சேரும் மணக்குடியில் காயல் வெள்ளியாகத் தெரிந்தது. அதன் வாயில் மணல் திட்டு அடைத்துக்கொண்டிருப்பதுபோலவும் தெரிந்தது. கோட்டின்மேல் ஆங்காங்கே தேவாலயக் கோபுரங்கள். இந்தக் கரையில் ஒவ்வொரு மீனவர் ஊருக்கும் அடையாளம் அதுதான். எண்ணினோம்: புகைமூட்டத்தில் கரை மறைகிற இடம் வரைக்கும் ஐந்து. "அஞ்சு கோபுரம், ஒரே மணல். மத்தியானச் சாப்பாட்டுக்குச் சங்குத்துறை" என்று வங்கிக்காரன் அறிவித்தான். யாரும் மறுக்கவில்லை.

உச்சிக்கருகே பிள்ளைத்தடம் என்னும் குகை இருக்கிறது. கேரளத்தின் சமூகச் சீர்திருத்தத் துறவி நாராயண குரு தவம் செய்த இடம். 1888-இல் அருவிப்புறத்தில் அவர் செய்த சிவப் பிரதிட்டையைக் கேரள வரலாற்றில் ஒரு திருப்புமுனையாக எல்லாரும் எழுதுகிறார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளில் அந்த மனிதர் இந்தத் தமிழ் மலையில் ஒரு பாறையிடுக்கில் உட்கார்ந்திருந்ததைத் தமிழில் அவ்வளவாக யாரும் எழுதுவதில்லை. மலையடியில் பார்த்தால் தெரிகிற தூரத்திலேயே அய்யா வைகுண்டரின் சாமித்தோப்பு. மேலாடை அணியவும் கோயிலுக்குள் நுழையவும் மக்கள் போராட வேண்டியிருந்த திருவிதாங்கூரில், அந்த நிலையை எதிர்த்த இரண்டு பெரியவர்களின் தடம் இந்த ஒரு மலையைச் சுற்றி விழுந்திருக்கிறது. குகைக்குள் குனிந்து நுழைந்து சற்று நேரம் உட்கார்ந்தோம். பாறை சில்லென்று இருந்தது. உள்ளே ஏற்கெனவே கண்மூடி உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், எங்கள் பையில் நெகிழித் தாள் சரசரத்ததைக் கேட்டு ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். நாங்கள் ஓசையில்லாமல் வெளியே வந்துவிட்டோம்.

இறங்குவது ஏறுவதைக் காட்டிலும் கடினம் என்பதைத் தவிர இறக்கத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அன்று மாலை ரசவடை தின்றோம், முழங்காலுக்குத் தைலம் தேய்த்தோம், ஒன்பது மணிக்கே உறங்கினோம்.

மறுநாள் விடியலில் கன்னியாகுமரியில் உதயம் பார்க்கத் திரண்டிருந்த கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே நடக்கத் தொடங்கினோம். முதல் ஒரு மணி நேரம் சுகமாகப் போயிற்று. கடற்கரையில் நடப்பதற்கு ஒரு சூட்சுமம் உண்டு: காய்ந்த மணலில் கால் புதையும், அலைக்குள் போனால் மணல் காலடியிலிருந்து கரைந்து ஓடும்; அலை வந்து திரும்பிப் போன ஈரப்பட்டையில், அடுத்த அலை வருவதற்குள் நான்கு எட்டு வைக்க வேண்டும். இந்தக் கரையில் கடல் ஏறி இறங்கும் அளவு ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் அந்த ஈரப்பட்டை அகலமானதன்று. ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். நான்கு நண்பர்கள் பேசிக்கொண்டு நடக்க ஏற்ற வழி இல்லை அது. முன்னால் போகிறவன் சொல்வது அலையோசையில் பின்னால் வருபவனுக்குக் கேட்காது. முன்னால் போனவன் வங்கிக்காரன் என்பதால் யாருக்கும் இழப்பில்லை.

கன்னியாகுமரியை அடுத்த கோவளத்தை நெருங்கும்போது மணல் முடிந்தது. மேலிருந்து பார்த்தபோது வெள்ளையாகத் தெரிந்ததில் பாதி மணலே இல்லை. கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்களின் மேல் அலை உடைந்து சிதறிய நுரை. ஊர்களின் முன்னால் கல் சுவர், இடையிடையே கடலுக்குள் கை நீட்டினாற்போல் தூண்டில் வளைவு என்னும் கல் தடுப்பு. ஒவ்வொரு கல்லும் ஒரு மேசை அளவு இருக்கும், பாசி பிடித்தது. அதன்மேல் நடப்பது மலையேற்றத்தைவிட ஆபத்தானது என்று ஐம்பது அடிக்குள் புரிந்துகொண்டு ஊருக்குள் இறங்கினோம். அதன் பிறகு எங்கள் கடற்கரை நடையில் பெரும்பகுதி, வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவிலிருக்கும் சந்துகளில்தான் நடந்தது. வாசலில் வலை பின்னுகிறவரிடம் வழி கேட்டு, கோழிகளை விலக்கி, காயப்போட்ட நெத்திலியை மிதிக்காமல் தாண்டி, மறுபடி எங்கே மணல் தொடங்குகிறதோ அங்கே இறங்கினோம். முதலில் எனக்கு இது ஏமாற்றமாகத்தான் இருந்தது. இரண்டாவது ஊரில் அந்த ஏமாற்றம் போய்விட்டது.

அந்த ஊரில் ஒரு பெரியவர் கல் சுவரின்மேல் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தச் சுவர் வந்தபிறகு வள்ளம் ஏற்றி இறக்க இடமில்லாமல் போயிற்று, ஆனால் சுவர் இல்லையென்றால் அவர் வீடே இருந்திருக்காது என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். காற்றே இல்லாத நாளிலும் கடல் திடீரென்று பொங்கி ஊருக்குள் வருவதுண்டு, கள்ளக்கடல் என்பார்கள். தெற்கே வெகுதூரத்தில், இந்தியப் பெருங்கடலின் மறுகோடியில் வீசும் புயற்காற்று எழுப்பிவிடும் நெடிய அலைகள் நாட்கணக்கில் ஓடிவந்து இங்கே கரையேறுவதால், இங்கே வானத்தைப் பார்த்து அதைக் கணிக்க முடியாது. சித்திரை, வைகாசியில்தான் அது அதிகம் என்பதால் தை மாதத்தில் எங்களுக்கு அச்சமில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு அலையின் பக்கம் முதுகு காட்டி நின்று படம் எடுப்பதை நிறுத்திக்கொண்டோம்.

மீண்டும் மணல் கிடைத்த ஓரிடத்தில் கரமடி இழுத்துக்கொண்டிருந்தார்கள். வள்ளத்தில் போய்க் கடலில் அரைவட்டமாக வளைத்துப் போட்ட வலையின் இரு முனைக் கயிறுகளையும் கரையில் இரண்டு கூட்டமாக நின்று இழுப்பது கரமடி. ஒவ்வொரு பக்கமும் பதினைந்து பேர் இருப்பார்கள், பெரும்பாலும் வயதானவர்கள். வேடிக்கை பார்த்த எங்களிடம் ஒருவர், "சும்மா நிக்காதிங்க, புடிங்க" என்றார். பிடித்தோம். கயிறு என் மணிக்கட்டளவு கனம், நீர் சொட்டச் சொட்ட, மணல் ஒட்டிச் சொரசொரவென்று இருந்தது. கையால் இழுப்பதில்லை; இடுப்பில் கயிற்றைச் சேர்த்து, குதிகாலை மணலில் புதைத்து, பின்பக்கமாகச் சாய்ந்து உடல் எடையால் இழுக்க வேண்டும். வரிசையின் கடைசியில் போய்ச் சேர்ந்தவர் கயிற்றை விட்டுவிட்டு அலையோரத்துக்கு நடந்து வந்து மறுபடி முன்னால் பிடிப்பார்; அப்படி வரிசை ஓயாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. முக்கால் மணி நேரம் கழித்து மடி கரையேறியபோது உள்ளே இருந்தது இரண்டு கூடைச் சாளை, கொஞ்சம் காரல், ஏழெட்டு வாளை, ஒரு பெரிய சொறிமீன், மூன்று நெகிழிப் பாட்டில்கள். முப்பது பேருக்குப் பங்கு வைக்க வேண்டிய மீன் அது. யாரும் முகம் கோணவில்லை. ஒருவர் பாட்டில்களைத் தனியே எடுத்துப் பையில் போட்டார். எங்களுக்கும் ஒரு பிடி சாளை கொடுக்க வந்தார்கள். வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை என்றதற்கு, இழுத்தவனுக்குப் பங்கு உண்டு என்று கோபித்துக்கொண்டார்கள். கோயம்புத்தூர்க்காரன் தன் தொப்பியில் வாங்கிக்கொண்டான். அந்தத் தொப்பி பிறகு எதற்கும் உதவவில்லை.

கீழமணக்குடிக்கு வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. உப்பளங்களில் நெடுங்கால் உள்ளான்கள் தம் சிவந்த கால்களோடு அளந்து அளந்து நடந்தன. காயல் கடலில் கலக்கும் வாயான பொழிமுகத்தை நெருங்கியபோதுதான் மேலிருந்து கண்ட கோட்டின் பெரிய பொய் தெரிந்தது. அடைத்துக்கொண்டிருப்பதாக நாங்கள் நினைத்த மணல் திட்டு இரு கரையிலும் இருந்தது. நடுவே இருபது இருபத்தைந்து அடிக்குப் பொழி திறந்து, காயல் நீர் கடலுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. ஐப்பசி கார்த்திகை மழை வெள்ளம் திறந்துவிட்ட வாய் இன்னும் மூடவில்லை. ஆழம் இடுப்பளவுதான் இருக்கும் என்று வங்கிக்காரன் மதிப்பிட்டான். அங்கே தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பையன் சிரித்துவிட்டு, ஒரு தென்னை மட்டையை எடுத்து நீரில் போட்டான். நாங்கள் ஐந்து எண்ணுவதற்குள் மட்டை அலைக்குள் போயிருந்தது. யாரும் எதுவும் சொல்லாமல் பாலத்தை நோக்கித் திரும்பினோம்.

கீழமணக்குடியையும் மேலமணக்குடியையும் இணைத்த பழைய பாலம் 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் போய்விட்டது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. பாலத்தின் கான்கிரீட் தளங்களையே அலை பெயர்த்துத் தூக்கிப் போட்டது என்றால், ஓட்டு வீடுகளும் மனிதர்களும் என்ன ஆகியிருப்பார்கள் என்று யோசிக்க வேண்டியதில்லை. ஒன்றாக அடக்கம் செய்யப்பட்டவர்களின் நினைவிடம் ஊரில் இருக்கிறது. அங்கே நாங்கள் படம் எடுக்கவில்லை. இப்போதுள்ள பாலத்தின் நடுவில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் காயல் அசையாமல் கிடக்கிறது, மறுபக்கம் பொழிக்கு அப்பால் கடல். வடக்கே, முந்தின நாள் நாங்கள் உட்கார்ந்திருந்த மலை. அங்கிருந்து இந்த இடத்தை விரலால் சுட்டிக்காட்டி நாங்கள் சாப்பாட்டு நேரம் குறித்தது நினைவுக்கு வந்து எனக்குச் சற்று வெட்கமாக இருந்தது.

மேலமணக்குடியில் ஒரு கடையில் மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் கிடைத்தன. தொப்பிச் சாளையையும் அந்த அக்காவே பொரித்துக் கொடுத்து, அதற்கு மட்டும் காசு வாங்க மறுத்துவிட்டார். அங்கேதான் வங்கிக்காரன் காலணியைக் கழற்றினான். உப்புநீரும் மணலும் சேர்ந்து இரண்டு குதிகாலிலும் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் உரிந்திருந்தது. அந்த அக்கா காலையும் காலணியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்த் தேங்காய் எண்ணெயும் ஒரு ஜோடி பழைய ரப்பர் செருப்பும் கொண்டுவந்து போட்டார். மீதி வழி முழுக்க அவன் அந்தச் செருப்போடுதான் நடந்தான். காலணியை நாடாவால் முடிந்து தோளில் தொங்கவிட்டுக்கொண்டான்.

சொத்தவிளையில் மணல் நெடுகக் கிடைத்தது. இந்த நடையில் நாங்கள் கற்பனை செய்திருந்த கடற்கரை என்றால் அது ஒன்றுதான்: அகலமான மணல், ஒரு பக்கம் தென்னை, ஆளரவமே இல்லாத நீளம். ஆனால் அதைப் பற்றி எழுத எனக்கு இரண்டு வரிக்கு மேல் வரவில்லை.

சங்குத்துறையை அடைந்தபோது மணி ஐந்தரை. கைப்பேசிக் கணக்கில் 19 கிலோமீட்டர் நடந்திருந்தோம். சந்துகளும் பாலச் சுற்றும் அதில் அடக்கம். சூரியன் கடலில் இறங்கும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு நாகர்கோவில் பேருந்தைப் பிடித்தோம். பேருந்தில் ஒரு தகராறு தொடங்கியது. மலையில் எண்ணிய கோபுரங்கள் ஐந்து; வழியில் நான் எண்ணியவை எட்டு. மூன்று ஊர்கள் தென்னைக்குப் பின்னால் மறைந்திருந்தன என்பது என் கட்சி. நான் எண்ணியவற்றில் இரண்டு தேவாலயமே அல்ல, சிலுவை நட்ட சிறு வழிபாட்டிடங்களான குருசடிகள் என்பது சுசீந்திரத்துக்காரனின் கட்சி. குருசடிக்கும் கோபுரம் உண்டு என்று நான் சொன்னேன்; முன் இருக்கையில் மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த பாட்டி திரும்பிப் பார்த்து, எந்தெந்த ஊர் வழியாக வந்தோம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். சொன்னோம். விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தவர் ஆறாவது விரலில் நின்று, "அந்த ஊருக்க பேரு அது இல்ல மக்கா" என்றார். எந்த ஊரை அவர் சொன்னார் என்று கேட்பதற்குள் அவருடைய நிறுத்தம் வந்துவிட்டது.